அப்பா வரப்பில் நடந்த நாள்

அப்பாவுக்கு இடது கையும் காலும் விழுந்தது குறுவை நாற்றுப் பறிக்கும்போது. நாற்றங்காலில் குனிந்து நாற்றுமுடி கட்டிக்கொண்டிருந்தவர் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எழுந்துகொள்ளப் பார்த்தார். வலது கால் மட்டும் உதைத்தது.

"கால எவனோ புடிச்சுக்கிட்டிருக்கான் ஆயி, எடுத்துவுடு" என்றார் என்னைப் பார்த்து. மகள் என்னை ஆயி என்றுதான் கூப்பிடுவார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் அவர் கால் புதைந்திருந்த இடத்தில் இரண்டு கையாலும் சேற்றை வாரினேன். கால் சும்மாதான் கிடந்தது. அதை யாரும் பிடித்திருக்கவில்லை.

கயிற்றுக் கட்டிலில் வைத்து வீட்டுக்குத் தூக்கிவந்தோம். மயிலாடுதுறையில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு ஆள் போனது. அண்ணன் கட்சியில் கிளைச் செயலாளர். கரைவேட்டியோடு வந்து இறங்கினான். அப்பாவின் கையைத் தூக்கிப் பார்த்து, விட்டு, அது பொத்தென்று விழுந்ததும், "வாதத்துக்கு இங்கிலீஷ் மருந்து கேக்காது" என்றான். கடற்கரைப் பக்கம் ஒரு ஊரில் பேர்போன வைத்தியர் இருப்பதாக அவனுடைய கட்சிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அங்கே கொண்டுபோனோம். அந்த மனிதர் புறாவை அறுத்து, சூடு ஆறாத ரத்தத்தை அப்பாவின் கையிலும் காலிலும் தேய்த்துத் துணியால் சுற்றி, வெயில் படாத அறையில் படுக்கவைத்தார். அசையக்கூடாது என்பது கட்டளை. அசையவேண்டிய உடம்பை அசையாமல் வைத்திருந்தோம். துணியை அவிழ்த்தபோது கை முழங்கையில் மடங்கி, விரல்கள் உள்ளங்கையை இறுக்கிக்கொண்டிருந்தன. ஈ மொய்த்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு அண்ணனைக் கேட்காமலே, "தஞ்சாவூருக்கு வண்டி பாரு" என்று என்னிடம் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் அப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டது ஒரு இளம்பெண். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். வார்டில் எல்லோரும் அவரை எக்சர்சைஸ் டாக்டரம்மா என்றார்கள். அப்பா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "எப்பம்மா நடப்பேன்?"

"மொதல்ல உக்காருங்க ஐயா. உக்கார வந்தா நிக்கலாம், நிக்க வந்தா நடக்கலாம்."

"உக்காந்துகிட்டுத்தான இருக்கேன்?"

"நீங்க வலது பக்கம் மட்டும் உக்காந்துருக்கீங்க" என்றார் அவர்.

பார்த்தால் உண்மைதான். உடம்பின் பாரம் முழுக்க வலது பிட்டத்தில் இருந்தது. இடது பக்கம் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி ஒட்டாமல் இருந்தது. அந்தப் பக்கம் வைத்த சாப்பாட்டைக்கூட அப்பா பார்க்கவில்லை. தட்டில் வலது பாதியை மட்டும் தின்றுவிட்டு இன்னும் போடச் சொல்வார். விழுந்த காலின் மேல் பாரத்தைப் போடப் பழக்கவேண்டும், அந்தக் கால் தன்னுடையது என்று அவருக்கு ஞாபகம் வரவேண்டும், அதற்கப்புறம்தான் நடை என்று அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எழுந்து நிற்கும்போது எங்கே பிடிப்பது, தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு எப்படிக் கழன்றுவிடும், பாதம் தொங்காமலிருக்க விரலுக்கு அடியில் துணிப்பட்டை கொடுத்து முழங்காலுக்குக் கீழே எப்படிக் கட்டுவது எல்லாம் சொன்னார். என்னையே நோயாளியாக உட்காரவைத்துச் செய்து காட்டினார்.

ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவர் நடக்கணும்னு எல்லாருக்கும் அவசரம் இருக்கும். அவருக்கே இருக்கும். அவசரப்பட்டா முட்டி பின்னால மடங்கிப் பழகிடும். அதுக்கப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. மேடு பள்ளத்துல விடாதீங்க. கம்பு இல்லாம விடாதீங்க."

வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகைப் பக்கம் இரண்டு மூங்கிலை இடுப்பு உயரத்துக்குக் கட்டினேன். காலையில் வயலுக்குப் போவதற்கு முன்பும், திரும்பி வந்த பிறகும் அப்பாவை அதற்கு நடுவில் நிற்கவைப்பேன். அப்பா விழுந்ததிலிருந்து வயல் என் தலையில்தான் இருந்தது. மடை பார்ப்பது, ஆள் கூப்பிடுவது, உரம் போடுவது, ஆளோடு ஆளாக இறங்கி நடுவது, களையெடுப்பது எல்லாம் நான். அம்மாவுக்கு இழுப்பு, சேற்றில் இறங்கினால் மூச்சு வாங்கும். அண்ணன் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான்.

அப்பா நல்ல மாணவர் இல்லை. கத்துவார். என்னைத் தேவடியா என்றுகூடத் திட்டியிருக்கிறார். அடுத்த நிமிடம் எதற்கென்று தெரியாமல் அழுவார்; அழுகை பாதியில் சிரிப்பாக மாறும். அது வியாதியின் குணம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மாறுதல் வந்தது. இடது காலை அரைவட்டமாக வீசி வீசி வைத்தவர், இடுப்பைத் தூக்கி நேராக வைக்கத் தொடங்கினார். ஒரு நாள் மூங்கிலை விட்டுவிட்டுக் கம்போடு கொட்டகை வரை போய்ப் பசுவின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பசுவை அவர் தொட்டுப் பல மாதமாகியிருந்தது. பசு திரும்பி அவர் தோளை நக்கியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அப்படி ஒரு காலை வரவில்லை.

நாங்கள் சாகுபடி செய்த நிலம் எங்களுடையதல்ல. குடவாசலுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய நஞ்சை. மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் குத்தகை. புதுச் சட்டம் வந்து குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீஸில் பதிந்தபோது அப்பாவின் பெயரும் ஏறியது. அதிலிருந்து மிராசுதாரால் எங்களை நினைத்தபோது எழுப்ப முடியவில்லை. அண்ணன் கட்சி மேடையில் இதைத்தான் சொல்வான்: உழுதவனை எவனும் அசைக்க முடியாது என்று ஆக்கியது எங்கள் ஆட்சி என்பான். அதில் பொய் கிடையாது. நானும் கூட்டத்தில் நின்று கை தட்டியிருக்கிறேன்.

மிராசுதாரின் காரியஸ்தர் அடிக்கடி சைக்கிளில் வந்து அப்பாவை நலம் விசாரித்துவிட்டுப் போவார். வரும்போது ஆரஞ்சுப்பழம் வாங்கிவருவார். அப்பா பசுவைத் தொட்ட வாரத்திலேதான் என்று நினைக்கிறேன், வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு அம்மாவிடம், "பெரியவரு வயப்பக்கம் போறாப்புலயா?" என்று கேட்டார்.

"எங்கங்க போறது? வாசப்படி தாண்டறதுக்கே ரெண்டு பேரு வேணும்" என்றாள் அம்மா. மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைத்தது என்று அவள் நினைத்தாள்.

அடுத்து வந்தது வருவாய்க் கோர்ட்டு நோட்டீஸ். குத்தகைதாரர் வாதத்தில் விழுந்து வாசற்படி தாண்ட முடியாத நிலையில் இருக்கிறார், நிலத்தில் அவர் உடல் உழைப்பு எதுவும் இல்லை, கூலிக்கு ஆள் வைத்துச் சாகுபடி நடக்கிறது, ஆகவே நிலத்தைத் திருப்பித் தரவேண்டும். அம்மா சொன்ன வார்த்தை அப்படியே அதில் இருந்தது. அண்ணன் படித்துக் காட்டியபோது அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணனும் நானும் திருவாரூருக்கு வக்கீலைப் பார்க்கப் போனோம். வயதானவர். குத்தகைக்காரர்கள் பக்கம் நின்று நிறைய வழக்கு நடத்தியவர். நோட்டீஸை ஒருமுறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கப்பாவே எறங்கணும்னு சட்டம் கேக்கல. குடும்பத்துல யாராவது ஒருத்தர் ஒடம்பு ஒழைச்சாப் போதும். அப்படி யாரும் இருக்காங்களா?"

"நான் இருக்கேன் சார். நான்தான் எல்லாம் செய்றேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப கவல என்னம்மா? உன்னையே சாட்சியாப் போட்டுடுவோம். உன் பேரையும் சாகுபடியில காட்டிடுவோம். நாளைக்கு அப்பாவுக்கு ஒண்ணுன்னாலும் நீ தொடரலாம்."

அண்ணன் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தான். "அது சரிப்படாது சார்."

"ஏன்?"

"கல்யாணம் பண்ணிக்குடுத்து வெளியில போற புள்ள. அது பேர இதுல இழுக்கவேணாம்."

"நீங்க வயல்ல எறங்குறீங்களா தம்பி?"

"நான் மில்லுல இருக்கேன். அது ஊருக்கே தெரியும். அப்பாவே நடந்துடுவாரு சார். இப்பவே கம்பு புடிச்சு நடக்குறாரு. ஸ்பாட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க. அவரு வரப்புல நின்னு மண்வெட்டி புடிக்கிறதப் பாத்துட்டா கேஸு முடிஞ்சுது."

வக்கீல் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். கட்சி மூலம் வந்த ஆள் அண்ணன்தான். "உங்க வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் நான் கேட்டேன். "என் பேரு இருந்தா என்ன? நான் செய்யல?"

"செய்யற. யாரு இல்லன்னா? நாளைக்கு ஒருத்தன் கையப் புடிச்சிக்கிட்டுப் போவ. அப்ப அந்த ஊரான் வந்து நம்ம வரப்புல நிப்பான். நான் மில்லுல மூட்டை எண்ணிக்கிட்டு இருக்கணுமா?" சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் சிரித்துக்கொண்டே சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் நானே சொன்னேன். வக்கீல் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நாள் முழுக்க நான் வயலில் கிடப்பதை அவரைவிட யாருக்குத் தெரியும்? சாயங்காலம் மடை நிலவரம் கேட்பது என்னிடம்தான். நான் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எங்கே வடியவிட வேண்டும் என்று சொல்வார். அவர் எனக்காகப் பேசுவார் என்று நான் சந்தேகமில்லாமல் நம்பினேன்.

அப்பா அண்ணனைப் பார்த்தார். "எப்ப வர்றாங்களாம்?"

"நடவு சமயத்துல வரச் சொல்லலாம்ப்பா."

"வரட்டும். நான் நடக்குறேன்."

அன்றிலிருந்து அண்ணன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அப்பாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். மூங்கில் வேண்டாம் என்றான். காலில் கட்டிய பட்டையை அவிழ்த்துப் போட்டான், சேற்றில் தெரியும் என்று. வாய்க்கால் கரையில் அப்பாவைப் போகவிட்டு, பின்னால் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்ப்பா, இன்னும் கொஞ்சம்" என்று ஓட்டினான். அப்பா மூச்சு வாங்க நடந்தார். நான் இடுப்பிலிருந்து தூக்கப் பழக்கிய கால் மறுபடி வட்டமாக வீசத் தொடங்கியது. பட்டை இல்லாததால் பெருவிரல் மண்ணில் இழுத்து நகம் பெயர்ந்தது. காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் முழங்கால் பின்னுக்குப் போய்த் தெறித்து நின்றது. பக்கத்தில் இருந்தால் அந்தச் சத்தம் கேட்கும்.

"முட்டி பின்னால போகுதுண்ணே. ஆஸ்பத்திரில இதத்தான் கூடாதுன்னாங்க."

"போனா போகட்டும். நடக்குறாருல்ல?"

"நடக்கல. கால ஓங்கி வீசுறாரு. விழுந்துடுவாரு."

அண்ணன் நின்றான். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "ஒனக்கு வயல் வேணும். அதான் அவரு நடக்கக் கூடாதுன்னு நிக்கிற."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த அடியை எடுத்து வைப்பதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி அடைமழை விட்டு ஒரு நாள் வெளுத்தபோது வருவாய்க் கோர்ட்டு அதிகாரி வந்தார். ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டுப் பேண்டை மடித்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டினார். கூட ஒரு குமாஸ்தா, மிராசுதார் தரப்பு வக்கீல், காரியஸ்தர். ஊரில் பாதிப் பேர் ரோட்டில் நின்றார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தான் அண்ணன். ஆனால் நாற்று முதல் நாளே பறித்தாகிவிட்டது. அன்று நட்டாக வேண்டும். நான் நடவு வரிசையில் பெண்களோடு பெண்ணாகக் குனிந்து நின்றேன்.

அப்பாவை அண்ணன் விடிந்ததுமே கொண்டுவந்து வரப்பில் நிறுத்தியிருந்தான். கம்பு கிடையாது. அதற்குப் பதில் கையில் மண்வெட்டி. இடது கையின் மடங்கிய விரல்களைப் பிரித்து மண்வெட்டிக் காம்பைச் சுற்றிப் பிடிக்கவைத்து, வலது கையை அதன் மேல் வைத்திருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு கையும் பிடித்திருப்பது போலத்தான் இருந்தது. மழையில் வரப்பு பாசி பிடித்து வழுக்கியது.

"நடங்க பாப்போம்" என்றார் அதிகாரி. மோசமான மனிதராகத் தெரியவில்லை. குரலில் தயக்கம் இருந்தது.

அப்பா நடந்தார். மண்வெட்டியை வரப்பில் குத்தி ஊன்றி, இடது காலை வீசி, முட்டி பின்னால் போய்த் தெறிக்க, வலது காலை இழுத்துக்கொண்டு மடை வரை போனார். நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது. மடையில் நின்று மண்ணை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். தண்ணீர் சலசலவென்று வயலுக்குள் இறங்கியது. ரோட்டில் நின்ற கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். நான் நாற்றைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்டைப் பார்த்தபோது எனக்கும் கை தட்டத் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை.

அதிகாரி எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "நடவு நடுறது யாரெல்லாம்?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே சொன்னார். "கூலி ஆளுங்க சாமி."

"உங்க வீட்டு ஆளு யாரும் உண்டா?"

அப்பா என்னைப் பார்த்தார். எங்களுக்கு நடுவே நாலைந்து வரிசை நாற்றுதான் இருந்தது. கண்ணோடு கண் பார்த்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"இல்லீங்க. என் ஒழைப்புதான். இவங்கல்லாம் ஆளுங்க."

என் பக்கத்தில் நின்ற பெண் கையிலிருந்த நாற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டாள். "என்ன புள்ள இது" என்று என்னிடம் முணுமுணுத்தாள். குமாஸ்தா அப்பா சொன்னதை எழுதிக்கொண்டார். அவர்கள் திரும்பிப் பாலத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போனார்கள். அண்ணன் அதிகாரியோடு பேசிக்கொண்டே கூடப் போனான்.

அப்பா மடையில் தனியாக நின்றார். திரும்பவேண்டும். வரப்பில் திரும்புவது எப்படி என்று அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. அண்ணன் நேராக நடக்கத்தான் பழக்கினான். வலது காலைச் சுற்றிவைத்தார். இடது கால் கூட வரவில்லை. முட்டி தெறித்தது, அப்படியே இடது பக்கமாக, வாய்க்கால் சரிவில், முழு உடம்பின் பாரமும் இடுப்பில் இறங்க விழுந்தார்.

நடவுப் பெண்களும் நானும்தான் ஓடிப்போய்த் தூக்கினோம். வலி தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஜீப்பு போயிட்டுதா?"

"போயிட்டுது" என்றேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தஞ்சாவூரில் அதே டாக்டரம்மா வந்து பார்த்தார். அப்பாவின் முட்டியைத் தொட்டு மடக்கிப் பார்த்தார். பெயர்ந்த நகத்தைப் பார்த்தார். "யாரு இவர வரப்புல விட்டது?" என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றான். அப்பா படுத்தபடியே, "நானாத்தான் போனேன்மா" என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். அவ்வளவு கோபமான முகத்தை நான் ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை. அந்தக் கோபம் என் மேல் என்றுதான் அன்று நினைத்தேன். வார்டை விட்டுப் போகும்போது என் முதுகில் ஒரு நிமிடம் கையை வைத்துவிட்டுப் போனார்.

அப்பா அதற்குப் பிறகு நடக்கவில்லை.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. குத்தகைதாரர் தமது சொந்த உடல் உழைப்பால் நிலத்தைச் சாகுபடி செய்துவருவது நேரில் கண்டறியப்பட்டது என்று அதில் இருந்தது. அண்ணன் அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தான். நான் அப்போது அப்பாவுக்குக் கீழே பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தேன். கட்சிக் கொடியோடு நாலு பேர் வந்து அப்பாவுக்குத் துண்டு போட்டார்கள். மாரியம்மன் கோயில் வரை வெடி வெடித்தது.

இரண்டு மூன்று போகம் நான் அந்த நிலத்தில் நட்டு அறுத்தேன். பிறகு காலம் மாறியது. மிராசுதாரின் தம்பி மகன் அண்ணன் கட்சியில் சேர்ந்தார். வட்டத்தில் பெரிய பொறுப்புக்கு வந்தார். காரியஸ்தர்கூட கரைவேட்டிக்கு மாறினார். இனி ஒரே கொடிக்குக் கீழே இருக்கிறவர்கள் கோர்ட்டில் நிற்பது நன்றாக இருக்காது என்று பேச்சு வந்தது. குத்தகையை விட்டுக்கொடுத்தால் நிலத்தில் ஒரு பங்கை அண்ணன் பெயருக்குக் கிரயம் செய்துதருவதாக முடிவானது. அப்பாதான் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணன் முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தான். அப்பா போட்டார். வலது கை நன்றாகத்தானே இருந்தது.

மறு போகம் காரியஸ்தர் வேறு ஆள் வைத்து உழுதார். அண்ணனுக்கு வந்த பங்கு ரோட்டோரம். அதை அவன் மனைக்கட்டுகளாகப் பிரித்து விற்றுவிட்டு மயிலாடுதுறையில் வீடு கட்டிக்கொண்டு போனான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், படுத்த படுக்கையாக ஒருவர், இழுப்புக்காரி ஒருத்தி, இவர்களை விட்டுவிட்டு வருவாளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணன் பொங்கலுக்கு வருவான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அதுவும் அண்ணன் கட்சியின் ஆட்சி கொடுத்ததுதான். சாப்பிடுகிற சோற்றில் கல்லைத் தேட நான் தயாரில்லை. ஆனால் மேடையில் உழுதவனைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

அப்பா ரொம்பக் காலம் கிடந்தார். புண் வராமல் பார்த்துக்கொண்டேன். திருப்பிப் படுக்கவைப்பேன், மடங்கிய விரல்களைப் பிரித்துவிடுவேன், கணுக்காலை மடக்கி நீட்டுவேன். கோபமாக இருக்கும் நாளிலும் கை தானாக அதைச் செய்துவிடும். ஒரு நாள் வெந்நீரில் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அன்னக்கி என்னைய ஏன் ஆளுன்னு சொன்னீங்க?"

அவருக்கு எந்த நாள் என்று விளக்கவேண்டியிருக்கவில்லை.

"வயலு அவன் கையில இருந்தாத்தான் கடைசில உன்னையும் அம்மாவையும் அவன் பாத்துக்குவான்னு நெனச்சேன் ஆயி. ஒம்பேர்ல இருந்தா ஒங்கள அம்போன்னு வுட்டுடுவான்ல?"

"இப்ப பாத்துக்கிறானா?"

அப்பா அழுதார். அந்த அழுகை நடுவில் சிரிப்பாக மாறவில்லை. நான் துணியைப் பிழிந்துவிட்டு மற்றக் காலைத் துடைத்தேன். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த மனிதர் உண்மையிலேயே அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். மகளைக் காப்பாற்ற மகளை இல்லையென்று சொன்னால் போதும் என்று நினைத்திருந்தார். ஊரில் பாதி அப்பன்மார் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மன்னித்தீர்களா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. கேட்கிறவர்கள் யாரும் யாருக்கும் பாத்திரம் வைத்துப் பழகியவர்களில்லை.

அப்பா செத்ததும் காரியமெல்லாம் அண்ணன்தான் செய்தான். பதினாறாம் நாள் படத்திறப்பு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பந்தல், மைக் செட், கொடி. மிராசுதாரின் தம்பி மகன்தான் படத்தைத் திறந்துவைத்தார். ஒருவர் பேசினார்: வாதம் தாக்கிய உடம்போடு வரப்பில் நடந்து காட்டி உழவனின் உரிமையை நிலைநாட்டிய மாவீரர் என்றார். அந்த நிலம் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. திறந்துவைத்தவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பேசியவர் அண்ணனின் தியாகத்துக்கு வந்தபோது நான் எழுந்தேன்.

"எங்க போற? பாதியில எழுந்தா நல்லாருக்காது" என்று அம்மா என் புடவையைப் பிடித்தாள்.

"மணி அடிக்கப் போறாங்கம்மா. புள்ளைங்களுக்குச் சோறு போடணும்."

ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போனேன். சமையல் ஆயா சாம்பாரை இறக்கியிருந்தாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது. சன்னலைச் சாத்திவிட்டுக் கரண்டியை எடுத்தேன்.